லீவுக்கு வந்தவரிடம் என்ன கேட்கிறோம்?

(முன்னாள் படைவீரர் தினமான சனவரி 14 அன்று சுந்தரபாண்டியத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாளைக்குப் பொங்கல். வெள்ளையடித்த வேலை பாதியில் கிடக்கும், கரும்பு வாங்க ஆள் போயிருக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், நன்றி. நம் இராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா ஓய்வு பெற்றது 1953 சனவரி 14ஆம் தேதி. அந்தத் தேதியைத்தான் முன்னாள் படைவீரர் தினமாக வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்துக்கு அது பொங்கல் லீவோடு சேர்ந்து வருவது நல்லதாகப் போயிற்று. பணியில் இருப்பவரும் ஓய்வு பெற்றவரும் ஒரே தெருவில் ஒன்றாக நடமாடுவது வருஷத்தில் இந்த ஒரு வாரம்தான்.

நானும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைதான். தார் சுற்றிவிட்டுப் பள்ளிக்கூடம் போனவன். பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தேன். இராணுவ மருத்துவப் படையில் எடுத்துக்கொண்டார்கள். லக்னோவில் பயிற்சி, அதன்பிறகு இருபத்து நான்கு ஆண்டுகள் நர்சிங் அசிஸ்டன்ட் வேலை. ஊசி போட்டிருக்கிறேன், கட்டுப் போட்டிருக்கிறேன், ஆக்சிஜன் வைத்துவிட்டு விடிய விடியப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பேண்டேஜ் துணியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இராஜபாளையத்துக்குப் பக்கத்தில் அந்தத் துணியை நெய்யும் சத்திரப்பட்டித் தறிகளின் சத்தம் எனக்குக் காதில் கேட்கும். எனக்குத் தெரிந்ததெல்லாம் கட்டிலின் பக்கத்தில் நின்று பார்த்தது. அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

லீவுக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கும் பட்டாளத்துக்காரரிடம் நம் ஊர் மூன்று கேள்வி கேட்கும். எப்ப வந்தீங்க, எத்தனை நாள் லீவு, கேன்டீன்ல இருந்து என்ன கொண்டு வந்தீங்க. நாற்பது வருஷமாக இந்த மூன்றும் மாறவில்லை. உடம்பு எப்படி இருக்கு, ராத்திரி தூக்கம் வருதா என்று கேட்டவர் யாரும் எனக்கு நினைவில் இல்லை. பட்டாளத்தில் இருக்கிறவனுக்கு உடம்புக்கு என்ன, அவனை அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது என்று நாம் நினைத்துவிட்டோம். அரசாங்கம் பாதிதான் பார்க்க முடியும். மீதிப் பாதி நம் கையில் இருக்கிறது.

படைவீரர் குண்டடி பட்டுத்தான் சாகிறார் என்பது சினிமாவில் பார்த்தது. 1863இல் இங்கிலாந்தில் ஒரு ராயல் கமிஷன் அறிக்கை வந்தது. இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரப் படையில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 69 பேர் சாகிறார்கள் என்று அதில் கணக்கு. அந்தக் கணக்கின் பின்னால் இருந்தவர் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஒவ்வொரு படைமுகாமுக்கும் கேள்வித்தாள் அனுப்பி, பதிலை வாங்கி, படித்து, எழுதினார். குடிக்கிற தண்ணீர் கெட்டது, சாக்கடை இல்லை, படுக்கிற இடத்தில் நெரிசல், பகல் முழுக்கச் சும்மா இருப்பு, கையில் சாராயம். வீரரைக் கொன்றவை இவை. தண்ணீரையும் சாக்கடையையும் இன்றைய படை சரி செய்துவிட்டது. சாராயம் போகவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். லடாக்கில் இருக்கும் பிள்ளைகளின் தாய்மார்கள் கவனமாகக் கேளுங்கள். நம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் 192 அடி. அப்படி அறுபது கோபுரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவு உயரம் வருமோ, அவ்வளவு உயரத்தில் இருக்கிறது லே நகரம். அங்கே மூச்சு இழுத்தால் இங்கே கிடைக்கும் பிராணவாயுவில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். விமானத்தில் போய் இறங்குகிறவனுக்கு உடம்பு அந்தக் காற்றுக்குப் பழக நாள் வேண்டும். அதனால் படையில் ஒரு கணக்கு உண்டு. 9,000 அடியிலிருந்து 12,000 அடி வரை ஆறு நாள், அதற்கு மேல் 15,000 அடி வரை நான்கு நாள், அதையும் தாண்டினால் இன்னும் நான்கு நாள். முதல் இரண்டு நாள் படுத்து எழுந்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அதன்பிறகு சமதரையில் மெல்ல நடை, பிறகு ஏற்றம், கடைசியில்தான் சுமை.

இந்தக் கணக்கு உயிர்களைக் கொடுத்து வாங்கியது. 1962 சீனப் போரின்போது சமவெளியில் இருந்த படைகளை அவசரமாக மலைமேல் ஏற்ற வேண்டியிருந்தது. நல்ல திடகாத்திரமான வாலிபர்கள் ஏறிய இரண்டாம் மூன்றாம் நாளில் மூச்சுத் திணறி விழுந்தார்கள். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. நம் இராணுவ மருத்துவர்கள் அதை உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். இந்தர் சிங் என்ற மருத்துவ அதிகாரியும் அவரோடு இருந்தவர்களும் 1,925 வீரர்களைக் கவனித்து எழுதிய கட்டுரை 1969இல் அமெரிக்காவின் பெரிய மருத்துவ இதழில் வெளிவந்தது. இன்றைக்கும் மலைநோயைப் பற்றிப் படிக்கிறவர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள். நம் ஜவான்களின் உடம்பிலிருந்து உலகம் கற்றுக்கொண்ட பாடம் அது.

சரி, இதற்கும் சுந்தரபாண்டியத்துக்கும் என்ன சம்பந்தம்? லீவுக்கு ஊருக்கு வந்தவன் திரும்பிப் போனால் உடம்பை மலைக்குப் பழக்குவதை மறுபடி செய்ய வேண்டும். இங்கே ஒரு மாதம் இருந்தால் உடம்பு மலையை மறந்துவிடும். பையன் கிளம்புகிற நாளில் நாம் என்ன செய்கிறோம்? மச்சினன் கல்யாணம் முடியட்டும், காது குத்து முடியட்டும், இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ என்கிறோம். அவன் கடைசி ரயிலைப் பிடித்து, தூக்கமில்லாமல், சளியோடு போய் இறங்குகிறான். லேட்டாக வந்தோமே என்ற பயத்தில், எனக்கு ஒன்றுமில்லை சார் என்கிறான். அப்படி வந்த ஒரு தம்பியை நான் பார்த்திருக்கிறேன், நம் தென்மாவட்டத்துப் பையன். வறட்டு இருமல் என்று முதல் நாள் சொல்லவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். நெஞ்சில் காதை வைத்தால் கொதிக்கிற உலைபோலச் சத்தம். ஆக்சிஜன் வைத்துக் கீழே இறக்கினோம், பிழைத்தான். இறக்கியதுதான் பிழைக்க வைத்தது. ஆகவே ஊரிலிருந்து கிளம்பும் பிள்ளைக்குச் சளி இருக்கிறதா என்று பாருங்கள். இருமல் வந்தால் முதல் நாளே எம்.ஐ. ரூம் என்னும் முகாம் மருத்துவ அறைக்குப் போய்ச் சொல்லு என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.

2016 பிப்ரவரி 3ஆம் தேதி நினைவிருக்கும். சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் 19ஆவது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் பனிச்சரிவில் புதைந்தார்கள். நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அதில் ஒருவர் நமக்குப் பக்கத்து மதுரை மாவட்டம், ஒருவர் மலைக்கு அந்தப்புறம் தேனி. ஆறாம் நாள் பனிக்குள்ளிருந்து உயிரோடு எடுக்கப்பட்ட ஹனுமந்தப்பாவுக்காக நாடே வேண்டிக்கொண்டது. பிப்ரவரி 11 அன்று அவரும் போய்விட்டார். 1984 ஏப்ரலில் நம் படை சியாச்சினில் ஏறியது முதல் இன்றுவரை எதிரியின் குண்டைவிடக் குளிரும் பனியும் உயரமும்தான் அங்கே அதிகம் பேரைக் கொண்டுபோயிருக்கின்றன.

பனிச்சரிவை நம்மால் தடுக்க முடியாது. மறைக்கிற பழக்கத்தைத் தடுக்கலாம். படையில் உடம்பை ஐந்தாகப் பிரித்துப் பார்ப்பார்கள்: மனம், காது, கை கால், பொதுவான உடல்திறன், கண். ஐந்தும் சரியாக இருந்தால் 'ஷேப் ஒன்'. ஒன்று குறைந்தாலும் 'கேட்டகரி' ஆகிவிட்டான் என்பார்கள். கேட்டகரி ஆனால் பிரமோஷன் தள்ளிப்போகும், நல்ல கோர்ஸ் கிடைக்காது என்ற பயம் உண்டு. அந்தப் பயத்தில் காது மந்தத்தை மறைப்பார்கள், முட்டி வலியை மறைப்பார்கள். பீரங்கிப் படையில் இருந்த எங்கள் ஆட்களில் பலர் டிவியைச் சத்தமாக வைப்பதன் காரணம் வீட்டில் யாருக்கும் தெரியாது, மதினிமார்கள் சண்டை போடுவார்கள். பிரஷரை மறைத்தவர்கள் கதைதான் மோசம். வருஷாந்திர மருத்துவப் பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்னால் உப்பைக் குறைத்து, குடியை நிறுத்தி, அன்றைக்கு மட்டும் தப்பித்துக்கொண்டு வருவார்கள். அதில் ஏமாந்தது அவர்கள்தான்.

மனம் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு வருகிறேன். 2022 ஜூலையில் பாராளுமன்றத்தில் பாதுகாப்புத் துறை ஒரு பதில் கொடுத்தது. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் முப்படையிலும் 819 பேர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். தரைப்படையில் 642, விமானப்படையில் 148, கடற்படையில் 29. காரணங்களைக் கேட்டால் படைக்குள் வேலைப் பளுவும் இருக்கிறது, அதிகாரி ஜவான் உறவில் கோளாறும் இருக்கிறது. அவற்றைப் படை சரி செய்யத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நான் கேட்ட கதைகளில் பெரும்பாலானவை ஊர்க் கதைகள். வரப்பைத் தள்ளிப் போட்டுவிட்டான் சித்தப்பா. பொண்டாட்டிக்கும் அம்மாவுக்கும் ஒத்துப்போகவில்லை. வீடு கட்ட வாங்கிய கடனுக்கு வட்டிக்காரன் வாசலில் வந்து நிற்கிறான்.

எங்கள் காலத்தில் இன்லாண்ட் கடிதம் வந்து சேரப் பத்து நாள் ஆகும். எழுதும்போது இருந்த சண்டை படிக்கும்போது ஓய்ந்திருக்கும். இப்போது செல்போன். ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டில் வாய்த்தகராறு என்றால் ஒன்பதேகாலுக்கு அது எல்லைக் காவல் போஸ்ட்டுக்குப் போய்விடுகிறது. அவனால் எழுந்து வர முடியாது, யாரையும் சமாதானப்படுத்த முடியாது. பன்னிரண்டு மணிக்கு சென்ட்ரி டியூட்டிக்குத் துப்பாக்கியோடு தனியாக நிற்க வேண்டும். தாய்மார்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். குறையைச் சொல்ல வேண்டாம் என்று சொல்லவில்லை, அவனிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வீர்கள்? ராத்திரியில் சொல்லாதீர்கள். பகலில் சொல்லுங்கள், சொல்லி முடித்ததும் அவன் சாப்பிட்டானா என்று கேட்டுவிட்டு போனை வையுங்கள்.

நிலத் தகராறைப் பெரியவர்கள் நினைத்தால் நாளைக்கே குறைக்கலாம். பட்டாளத்தில் இருப்பவன் வர முடியாது என்று தெரிந்துதான் அவன் நிலத்தில் கை வைக்கிறார்கள். அதற்குச் சட்டம் இருக்கிறது. 1925ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம். போர்ச் சூழலிலோ சிறப்புச் சூழலிலோ பணியில் இருக்கும் வீரர் வழக்காட வர முடியாதபோது, அவரில்லாமலே தீர்ப்பு எழுதிவிடாமல் வழக்கை நிறுத்தி வைக்கச் சொல்கிறது அது. நூறு வயதான சட்டம், நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? கமாண்டிங் ஆபீசர் கலெக்டருக்குக் கடிதம் எழுதலாம். விருதுநகரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, பணியில் இருப்பவர் குடும்பமும் அங்கே போய் மனுக் கொடுக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தப் பையன் லீவில் வருகிறவரை வரப்பில் யாரும் கை வைக்கக் கூடாது என்று தெருப் பெரியவர்கள் நான்கு பேர் சொன்னால் போதும்.

மனது தாங்காத நிலை வந்தால் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். 'டெலி மானஸ்' என்று பெயர், தமிழிலும் பேசுவார்கள், காசு கிடையாது. படையினருக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் என்றே புனே இராணுவ மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் அதன் தனிப் பிரிவு ஒன்றைத் திறந்தார்கள். நம்பரை எழுதிக் காலண்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

இனி சாராயம். கேன்டீன் கார்டு என்பது அரசு நமக்குக் கொடுத்த சலுகை. சோப்பு, குக்கர், மிக்ஸி எல்லாம் வாங்குகிறோம். ஆனால் ஊரில் அந்தக் கார்டுக்கு மதிப்பு ஒரே ஒரு பொருளால்தான். மாப்பிள்ளை வந்துட்டாரா, பாட்டில் இருக்கா என்று வாசலில் வந்து நிற்பவர்கள் நம் சொந்தக்காரர்கள்தான். பனிமலையிலும் பாலைவனத்திலும் நாலு பேரோடு அளவாகக் குடித்தவன், ஊரில் வேலை இல்லாத பகலில் தனியாகக் குடிக்க ஆரம்பிக்கிறான். நாற்பத்தைந்து வயதில் மஞ்சள் பூத்த கண்ணோடு படுத்த மூன்று பேரை எனக்குத் தெரியும், மூவரும் என் வயதை எட்டவில்லை. யாராவது கேட்டு வாசலில் வந்தால், இருக்கு, கொடுக்க மாட்டேன் என்று சொல்லுங்கள். முகம் கோணுவார்கள், கோணட்டும்.

பட்டாளத்துக்காரர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். சீருடை போடாமல் படைக்கு உழைத்தவர்களும் இந்தப் பக்கத்தில் குடும்பம் குடும்பமாக இருக்கிறார்கள். ஆவடி டாங்கித் தொழிற்சாலை, சீருடை தைக்கும் தொழிற்சாலை, திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை. அருவங்காடு 1900களின் தொடக்கத்தில் கார்டைட் என்னும் வெடிமருந்து செய்யக் கட்டியது. கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் சேரும். அதைத் தொட்டு வேலை செய்கிறவர்களுக்கு வரும் தலைவலி உலகம் முழுக்கப் பிரசித்தம். அது இரத்தக் குழாயை விரிக்கும். வாரம் முழுக்க உடம்பு அதற்குப் பழகிவிடும். ஞாயிறு ஒரு நாள் விட்டு, திங்கள்கிழமை திரும்பினால் மண்டையைப் பிளக்கும் வலி. சிலருக்கு விடுமுறை நாளிலேயே நெஞ்சுவலி வரும், மருந்தில்லாமல் குழாய் சுருங்கிவிடுவதால். வெளிநாட்டு ஆலைகளில் இதற்குப் பயந்து தொழிலாளிகள் ஞாயிற்றுக்கிழமையும் அதில் கொஞ்சம் தொப்பியில் தடவிக்கொண்டு போனார்கள் என்று தொழில்நோய் மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். சிவகாசியைப் பக்கத்தில் வைத்திருக்கும் நமக்கு வெடிமருந்து வேலை என்றால் தீவிபத்து மட்டும்தான் நினைவுக்கு வரும். தினமும் சத்தமில்லாமல் உடம்பில் ஏறுவதையும் பார்க்க வேண்டும்.

இப்படி உழைத்த சிவில் ஊழியர் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தால் அவருக்கு என்ன கிடைக்கிறது? முன்னாள் படைவீரருக்கு 2003 ஏப்ரல் 1 முதல் இசிஹெச்எஸ் என்னும் மருத்துவத் திட்டம் இருக்கிறது, நாடு முழுவதும் நானூறுக்கு மேற்பட்ட பாலிகிளினிக்குகள் இருக்கின்றன. சிவில் ஊழியருக்கு அது கிடையாது. மத்திய அரசு மருத்துவத் திட்டத்தின் நிலையம் இல்லாத ஊரில் குடியிருந்தால் புறநோயாளிச் செலவுக்கு மாதம் 1,000 ரூபாய். 2017இல் 500 ரூபாயிலிருந்து உயர்த்திய தொகை. சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்த கணவன் மனைவிக்கு மாத்திரைக்கே அது போதாது. இது நியாயம் இல்லை என்று இந்த மேடையில் சொல்கிறேன். ஒரே குண்டைச் செய்தவருக்கும் சுட்டவருக்கும் மருந்தில் இவ்வளவு வித்தியாசம் வேண்டாம்.

இசிஹெச்எஸ் இருப்பவர்களாவது அதைச் சரியாகப் பயன்படுத்துகிறோமா? கார்டு பீரோவுக்குள் இருக்கிறது. மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போய் வர ஒரு நாள் ஆகும் என்று, நோய் முற்றிய பிறகுதான் எடுக்கிறார்கள். மனைவி பெயரில் கார்டு எடுக்காத வீடுகள் உண்டு. கணவர் போன பிறகு குடும்பப் பென்ஷன் வாங்கும் அம்மாவுக்கும் இந்தத் திட்டத்தில் உரிமை இருப்பது அந்த அம்மாவுக்கே தெரியாமல் இருக்கிறது. வருமான வரம்புக்குள் இருக்கும் தாய் தகப்பனையும் சேர்க்கலாம். பொங்கல் முடிந்ததும் பீரோவைத் திறந்து யார் பேர் இருக்கிறது, யார் பேர் இல்லை என்று பாருங்கள்.

2022 ஜூனில் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நான்கு ஆண்டு முடிந்து திரும்பப் போகும் முக்கால்வாசிப் பேருக்குப் பென்ஷன் இல்லை, இசிஹெச்எஸ்ஸும் இல்லை. ஆகவே படையில் இருக்கும்போதே காதில், முதுகில், முட்டியில் வந்த எதையும் சிக் ரிப்போர்ட்டில் எழுத வைத்துவிடுங்கள். காகிதத்தில் இல்லாத வலிக்குப் பின்னாளில் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

ஓய்வு பெற்ற என் வயதுக்காரர்களே, நம் விஷயம் எளிது. பதினைந்து இருபது வருஷம் விடியற்காலை பி.டி. போட்டோம். லங்கரில் சப்பாத்தியும் பருப்பும் வயிறு முட்டச் சாப்பிட்டோம், அது செரித்தது. முப்பத்தெட்டு நாற்பது வயதில் ஊருக்கு வந்ததும் ஓட்டம் நின்றது, சாப்பாடு நிற்கவில்லை. இடுப்பில் சுற்றளவு ஏறிய வருஷத்தில்தான் நம்மில் பலருக்குச் சர்க்கரையும் வந்தது. விடியற்காலையில் நம் ஊர்ப் பிள்ளைகள் ரெக்ரூட்மென்ட்டுக்காக 1.6 கிலோமீட்டர் ஓடிப் பழகுகிறார்கள். அவர்களுக்கு விசிலும் கடிகாரமுமாக ஓர் ஆள் வேண்டும். போய் நில்லுங்கள், கூட நடங்கள். பிள்ளைகள் முட்டி தட்டுகிறது, தட்டைப் பாதம், பல் சொத்தை என்று கடைசி நாளில் திரும்பி வருவதையும் முன்கூட்டியே பார்த்துச் சொல்லலாம், உங்கள் கண்ணுக்குத்தான் அது தெரியும்.

2021 ஆகஸ்ட் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. வருகிற பெண்களிடம், நான் மிலிட்டரி, எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள் என்று அந்தப் பெண்களே என்னிடம் சொன்னார்கள். அவர்களை உட்காரச் சொல்லி, கையை நீட்டுங்கள்.

நான் இவ்வளவு நேரம் பேசியதற்கு ஒரு கைமாறு கேட்கிறேன். பின்னால் வேப்பமரத்தடியில் ஒரு மேசை போட்டிருக்கிறது. பிரஷர் பார்க்கும் கருவியும், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவியும் கொண்டு வந்திருக்கிறேன். நாற்பது வயது தாண்டிய ஆண்களும் பெண்களும், டீ கொடுப்பதற்கு முன்னால், ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு வரிசையில் வாருங்கள். லீவில் வந்திருக்கும் தம்பிமார்கள் முதலில் வரட்டும்.